36 செல்களால் இயங்கும் வால்

கடற்பாறைகளில் சிறு பை போல ஒட்டிக்கொண்டு, நீரை வடிகட்டி உண்டு வாழும் அசிடியன் என்ற உயிரி, முட்டையிலிருந்து வெளிவரும்போது தலைப்பிரட்டையின் தோற்றத்தில் நீந்தும் லார்வாவாக இருக்கிறது. கடல் முள்ளெலி போன்றவற்றின் லார்வாக்கள் சிலியாக்கள் எனும் மயிர் போன்ற நுண் நீட்சிகளைத் துடுப்பாக்கி நீந்த, இதுவோ தசையால் வாலை வீசி நீந்துகிறது. சியோனா என்னும் அசிடியனின் லார்வா ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் நீளமே உடையது. அதன் வால்தசையில் இருப்பவை, பக்கத்துக்கு 18 வீதம், மொத்தம் 36 செல்கள்தாம். நம் கைகால் தசைகளில் பல செல்கள் கூடிப் பல உட்கருக்கள் கொண்ட நாராகிவிடுகின்றன. இங்கே ஒவ்வொரு செல்லும் ஒற்றை உட்கருவுடன் தனித்து நிற்கிறது.

அப்படிப்பட்ட ஒரு செல்லைக் குறுக்காகச் சீவி எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தால், நடுவில் உட்கருவும் செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாக்களும் நெருங்கியிருக்க, சுருங்கும் நுண்ணிழைகள் செல்சவ்வை ஒட்டி ஓரமாக அடுக்கப்பட்டிருப்பது தெரியும். ஒவ்வொரு நுண்ணிழைக்குள்ளும் சுமார் 15 நானோமீட்டர் தடிமனுள்ள மயோசின் என்ற புரத இழைகளும், அவற்றில் ஏறக்குறைய பாதித் தடிமனே உள்ள ஆக்டின் என்ற புரத இழைகளும் வரிசை பிசகாமல் அமைந்திருக்கின்றன. தசை சுருங்கும்போது இந்த இழைகள் குறுகுவதில்லை, ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்கின்றன என்பதை 1954இல் ஹியூ ஹக்ஸ்லி, ஜீன் ஹான்சன் என்ற இரு அறிவியலாளர்கள் முயல் தசையைக் கொண்டு விளக்கினர். அந்த விளக்கம் இந்தச் சின்னஞ்சிறு வாலுக்கும் பொருந்துகிறது.

நுண்ணிழைகள் ஏன் ஓரத்தில் இருக்க வேண்டும்? சுருங்குவதற்கான மின்தூண்டல் செல்சவ்வின் மேல் பரவுகிறது. அதன் விளைவாக வெளிப்படும் கால்சியம்தான் இழைகளை இயக்குகிறது. நம் தசைநார் தடிமனானது என்பதால், தூண்டலை ஆழத்துக்குக் கொண்டுசெல்லச் சவ்விலிருந்தே நுண்குழாய்கள் உள்நோக்கிச் செல்கின்றன. அசிடியன் லார்வாக்கள் பலவற்றில் அத்தகைய குழாய்கள் இல்லை. கால்சியத்தைச் சேமிக்கும் பைகள் சவ்வின் அடியிலேயே படிந்திருக்க, இழைகளும் அருகிலேயே இருப்பதால், அந்தக் குழாய்களுக்குத் தேவையும் இல்லை. (வேறு சில இனங்களில் சவ்வு உள்ளே மடிந்து செல்வதுண்டு.)

செல்களின் முனைகளைப் பார்ப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு செல்லின் நுண்ணிழை முடியும் இடத்துக்கு நேர் எதிரே அடுத்த செல்லின் நுண்ணிழை தொடங்குகிறது. இடையில் இரு சவ்வுகளும், நம் இதயத் தசையில் இருப்பது போலவே, உறுதியாகப் பிணைக்கப்பட்டிருக்கின்றன. இழுவிசை வால் நெடுகத் தடைபடாமல் செல்வது இந்தப் பிணைப்பால்தான்.

இவ்வளவு நேர்த்தியாக அமைந்த தசையின் ஆயுள் மிகக் குறைவு. லார்வா ஓர் இடத்தில் ஒட்டிக்கொண்டதும் வால் உடலுக்குள் இழுக்கப்பட்டு, அதன் தசைச்செல்கள் சிதைந்துபோகின்றன. முதிர்ந்த அசிடியனின் உடற்சுவர்த் தசைகள், வால்தசையில் இழைகளின் ஒழுங்கால் தெரியும் வரிகளே இல்லாதவையாக, வேறு செல்களிலிருந்து புதிதாக உருவாகின்றன.