பாலக்கோட்டு உத்திரமும் சிமென்ட் மூட்டையும்

பாலக்கோடு பக்கம் தாத்தா கட்டிய ஓட்டு வீட்டைப் போன மாசம் பிரித்தோம். ரீப்பரில் பாதியைக் கரையான் தின்றிருந்தது, ஆனால் நடு உத்திரம், 12 அடி வேப்ப மரம், இழைப்புளி பட்டதும் உள்ளே சிவப்பாக அப்படியே இருந்தது. "விறகுக்குப் போட்டுருங்கண்ணா" என்றார் மேஸ்திரி. எனக்கு மனசு வரவில்லை, கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கார்பன். அது மண்ணிலிருந்து வந்ததில்லை, இலைகள் காற்றிலிருந்து இழுத்தது. 1 கிலோ கார்பன் என்றால் 3.67 கிலோ கார்பன் டை ஆக்சைடு, பூமியைச் சூடாக்கும் அந்த வாயு. உத்திரத்தை 100 கிலோ என்று வைத்தாலும் 180 கிலோவுக்கு மேல் வாயு இத்தனை வருஷம் எங்கள் தலைக்கு மேலேயே அடங்கிக் கிடந்திருக்கிறது. அடுப்பில் வைத்தால் காற்றுக்கே திரும்பிவிடும்.

சிமென்ட் கதை நேர் எதிர். சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 1,450 டிகிரி சூளையில் வேகவைக்கிறார்கள். சுத்தமான கல் 100 கிலோவுக்கு 44 கிலோ அதே கார்பன் டை ஆக்சைடு வாயுவாகப் போய்விடும். சூளையைச் சூரிய மின்சாரத்தில் ஓட்டினாலும் இந்த 44 குறையாது, கல்லுக்குள்ளேயே இருப்பது அது.

சரி, மரத்தில் மாடி கட்ட முடியுமா? பலகைகளை ஓர் அடுக்கு நெடுக்கே, அடுத்தது குறுக்கே என்று பசை போட்டு அழுத்தினால், ஒன்று உப்புவதை இன்னொன்று பிடித்துக்கொள்ளும், சுவர் அளவுக்குப் பலகை கிடைக்கும். அமெரிக்காவின் மில்வாக்கியில் 2022இல் இப்படி 25 மாடி எழுந்தது (கீழ் மாடிகள் சில கான்கிரீட்தான், மறைக்க வேண்டாம்). தீப்பிடிக்காதா என்று எல்லோரும் கேட்பார்கள். தடித்த புளியங்கட்டையை அடுப்பில் வைத்துப் பாருங்கள், மேலே கரி கட்டிக்கொண்டு நடுப்பகுதி எவ்வளவு நேரம் வேகாமல் நிற்கிறது! அந்தக் கரிதான் காப்பு. தீ நிமிஷத்துக்கு ஏறக்குறைய முக்கால் மில்லிமீட்டர்தான் உள்ளே போகும்.

நம் கிருஷ்ணகிரிப் பக்கம் காய்ப்பு நின்ற மாமரத்தை அறுத்தால் பலகை சென்ட்ரிங்குக்குப் போகிறது, சில தடவை கான்கிரீட்டைத் தாங்கிவிட்டு விறகாகிறது. மாம்பலகையைப் பூச்சி அரிக்கும், உண்மைதான், ஆனால் போராக்ஸ் கரைசலில் ஊறவைத்தால் தாங்கும். வெட்டிய இடத்தில் கன்று வைக்காவிட்டால் மட்டும் நான் சொன்ன கணக்கெல்லாம் தலைகீழ்.

அப்புறம் அந்த உத்திரம். ஆணி இருந்தால் பிளேடு போயிடும் என்று அறுவை மில்லில் கையை விரித்துவிட்டார்கள். நானும் தம்பியும் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பிடுங்கினோம், பதினேழு ஆணி. இரண்டு கதவு நிலையும் ஒரு சின்ன பெஞ்சும் தேறும் என்கிறார் ஆசாரி.