தேற்றாங்கொட்டையும் ஈ.எஸ்.ஆரும்

ஆடியில் ஆற்றில் வரும் புதுத்தண்ணீர் கலங்கலாகத்தான் இருக்கும். குடத்தின் உட்புறம் தேற்றாங்கொட்டையை உரசிவிட்டு நீரை ஊற்றி வைப்பார்கள். விலகி மிதக்கும் மண்துகள்களைக் கொட்டையின் சாறு ஒன்றோடொன்று ஒட்ட வைக்க, வண்டல் அடியில் படிந்துவிடும்.

ரத்தப் பரிசோதனைச் சீட்டில் வரும் ஈ.எஸ்.ஆரும் இதே கணக்குத்தான். சிவப்பணுக்களின் மேல் எதிர்மின்னூட்டம் இருப்பதால் அவை ஒன்றையொன்று தள்ளும். உடலில் அழற்சி மூண்டால் கல்லீரல் ஃபைப்ரினோஜன் என்ற புரதத்தை அதிகம் சுரக்கும். அது தள்ளுவிசையைத் தணிக்க, அணுக்கள் காசு அடுக்கினாற்போல் ஒட்டி விரைந்து இறங்கும். மெல்லிய குழாயில் ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் இறங்கின என்பதே அந்த எண். ரத்தசோகை இருந்தாலும் அது ஏறும். 1930-இல் நிமோனியா நோயாளிகளிடம் கண்டறியப்பட்ட சி.ஆர்.பி. என்ற புரதமும் கல்லீரல் தருவதே. அழற்சி தொடங்கிய சில மணி நேரத்தில் ஏறும், தணிந்தால் சட்டென இறங்கும்.

மன்னார்குடிப் பக்கம் விவசாயம் பார்க்கும் என் மாமாவுக்குக் கார்த்திகை மழையில் எலிக்காய்ச்சல். அப்போது இரண்டு எண்களும் உச்சத்தில் இருந்தன. மாசியில் இடது கண் சிவந்து, வெளிச்சம் பட்டாலே கூசியது. "ஈ.எஸ்.ஆர். பன்னிரண்டுதானே மாப்பிள்ளை, உமி விழுந்திருக்கும்" என்றார்.

கண் மருத்துவர் ஸ்லிட் லேம்ப் என்ற கருவியின் மெல்லிய ஒளிக்கற்றையைக் கண்ணுக்குள் செலுத்தித் திரையில் காட்டினார். ஓட்டு வீட்டில் கண்ணாடி ஓட்டின் வழியே விழும் வெயிலில் தூசு மிதக்குமே, அப்படி வெள்ளணுக்கள் மிதந்தன. யுவியைட்டிஸ், அதாவது கண்ணுக்குள் அழற்சி. எலிக்காய்ச்சல் தணிந்து மாதங்கள் கழித்தும் வரும். 1993 வெள்ளத்தை அடுத்து 1994-இல் மதுரையில் பலருக்கு வந்தது.

ரத்தத்தில் ஏன் தெரியவில்லை? கண்ணின் முன்னறையில் இருக்கும் நீர் கால் மில்லிலிட்டர்தான். உடலில் ஓடும் ரத்தமோ ஐந்து லிட்டர். அந்தச் சிறு அறையில் பற்றிய தீ பல சமயம் கல்லீரலுக்கு எட்டுவதே இல்லை. எண் சரியாக இருக்கிறதே என்று சிவந்த, கூசும் கண்ணோடு வீட்டில் இருப்பவர்களை நினைத்தால்தான் எனக்குப் பதறுகிறது. யுவியைட்டிஸில் ரத்தப் பரிசோதனையின் முக்கிய வேலை காரணத்தைத் தேடுவது: காசநோயா, சிஃபிலிஸா, எலிக்காய்ச்சலா என்று.

ஒரு நோயில் மட்டும் இந்த எண்களுக்கே அவசரம். ஐம்பதைத் தாண்டியவருக்கு நெற்றிப்பொட்டில் புது வலி, மெல்லும்போது தாடை வலி, திடீரெனப் பார்வை மங்கல் என்றால் தமனி அழற்சியாக இருக்கலாம். நம் ஊரில் அரிது, ஆனால் ஈ.எஸ்.ஆரும் சி.ஆர்.பி.யும் அன்றே பார்த்தாக வேண்டும்.

மாமாவுக்கு ஸ்டீராய்டு சொட்டு மருந்தும், கண்மணியை விரிக்கும் மருந்தும் கொடுத்தார்கள். நான்காம் வாரம் அதே ஒளிக்கற்றையில் பார்த்தபோது தூசு இல்லை.