கூடைக்குப் பிடிப்பு எங்கிருந்து வருகிறது?

மூங்கில் கூடைக்கு அடிப்பக்கம் பின்னியதும் 12 பட்டைகளின் முனைகள் நாலாபக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும். எண்ணினால் 24. அவற்றை நிமிர்த்தி, நீளமான ஒரே பட்டையால் உள்ளே ஒன்று வெளியே ஒன்று என்று சுற்றினால் வேலை அங்கேயே கெட்டுவிடும். முதல் சுற்றில் எந்த முனைக்கு வெளியே போனதோ, இரண்டாம் சுற்றிலும் அதற்கு வெளியேதான் போகும்; எந்த முனையும் இருபக்கமும் பிடிபடாது. அதனால் ஒரு முனையை மட்டும் நடுவில் பிளந்து 25 ஆக்குவார்கள். ஒற்றைப்படை வந்துவிட்டால் சுற்றுக்குச் சுற்று உள்ளும் வெளியும் தானாக மாறும்.

சுற்றும் பட்டை ஒவ்வொரு முனையிலும் வளைந்து போகிறது. வளைந்தது நிமிரப் பார்க்கும். முனை அதைத் தடுக்கும். அந்த அழுத்தத்தில் வரும் உராய்வுதான் கூடையின் பிடிப்பு. பட்டைக்கு விறைப்பும் வேண்டும், ஒடியாமல் வளையவும் வேண்டும். மூங்கிலின் பச்சைத் தோலை ஒட்டிய பகுதியில் நார் நெருக்கமாக இருப்பதால் அதுவே இதற்கு ஏற்றது.

பட்டை கிழிப்பதில்தான் கைப்பழக்கம் தெரியும். கத்தியால் வாய் திறந்துவிட்டு மீதியைக் கையாலேயே விலக்கிக் கிழிக்கலாம். பிளவு ஒருபக்கம் ஒதுங்கி அந்தப் பக்கம் மெலிந்துகொண்டே போனால், மெலிந்ததை நேராகப் பிடித்துக்கொண்டு தடித்த பக்கத்தை அதிகம் வளைக்க வேண்டும். அதிகம் வளைகிற பக்கம்தான் பிளவு ஓடும், நடுவுக்குத் திரும்பிவிடும். பதறிப்போய் மெல்லியதை இழுத்தால் பட்டை பாதியில் அறுந்துபோகும்.

நனைத்தால் பட்டை இளகும், ஆனால் அகலத்தில் உப்பவும் செய்யும். ஊறி உப்பிய பட்டையில் நெருக்கமாக முடைந்த கூடை, காய்ந்ததும் இடைவெளி விட்டு ஆடும். பட்டை நீளத்தில் அவ்வளவாகச் சுருங்காது, அகலத்தில்தான் சுருங்கும். சில சுற்றுகள் முடைந்து, காயவிட்டு, கீழ்நோக்கித் தட்டி இறுக்கிய பிறகு மேலே தொடர்வதே சரி.

கடைசிச் சுற்றுக்கு மேலே அழுத்திப் பிடிக்க எதுவும் இல்லை. விட்டால் கழன்று வரும். எனவே கூடையின் வாய் விளிம்பில் உள்ளும் வெளியும் தடித்த பட்டை வைத்துக் கட்டுவது கட்டாயம்.

அறுகோணக் கண் விட்டு மூன்று திசையில் பின்னும் கூடையில் இன்னோர் அழகு உண்டு. எல்லாக் கண்ணும் அறுகோணமாக இருந்தால் பின்னல் தட்டையாகவே கிடக்கும். ஒரு கண்ணை ஐங்கோணமாக்கினால் அந்த இடம் குழிந்து கிண்ணமாகும். கூடையின் மூலை திரும்புவது இப்படித்தான். தென்கிழக்கு ஆசியாவில் வலைக்கு மேல் காலால் உதைத்து ஆடும் செபாக் தக்ரா விளையாட்டுக்குப் பிரம்பில் பின்னும் பந்தில் ஐங்கோணக் கண்கள் 12. பின்னல் முழுவதுமாக வளைந்து பந்தாக மூடிக்கொள்கிறது.