பழைய காருக்கு ஏர் சஸ்பென்ஷன்: ஸ்பிரிங்கைக் கழற்றும் முன் எழுத்தில் பதில் வாங்குங்கள்

அம்பாசடர், பத்மினி போன்ற கார்களில் பின்பக்கப் பாரத்தை ஆக்சில் (பின் சக்கரங்களை இணைக்கும் அச்சு) மேல் தாங்குவது பட்டை ஸ்பிரிங். அதைக் கழற்றிவிட்டு, காற்றுப்பை மேல் வண்டியை நிறுத்தும் ஏர் சஸ்பென்ஷன் போடலாமா என்று கேட்பவர்களுக்குப் பட்டறையில் கிடைக்கும் பதில், "எல்லாரும் போடுறாங்க சார்." இதை நம்பிப் பணத்தையும் ஆர்சியையும் சேர்த்துத் தொலைத்தவர்களைப் பார்த்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

சட்டம் சுருக்கமானது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 52: தயாரிப்பாளர் குறித்த விவரங்களும் ஆர்சியில் உள்ள விவரங்களும் வேறுபடும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது. சிறு பொருத்தங்கள் வேறு, கட்டமைப்பை மாற்றுவது வேறு என்பதை உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தெளிவாக்கியது. அதே ஆண்டுத் திருத்தத்தில் 182ஏ(4) வந்தது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். தண்டனை உரிமையாளருக்கு. வெல்டிங் வைத்த பட்டறைக்காரர் அடுத்த வண்டிக்குப் போய்விடுவார்.

"ஸ்பிரிங் மாற்றுவது கட்டமைப்பு மாற்றமா?" என்று கேட்கலாம். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். பட்டை ஸ்பிரிங்குக்கு இரண்டு வேலை. பாரத்தைத் தாங்குவது ஒன்று. ஆக்சில் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நகராமல் பிடித்துக்கொள்வது இன்னொன்று. காற்றுப்பை முதல் வேலையை மட்டும்தான் செய்யும். இரண்டாவதற்குத் தனியாக லிங்க் கம்பிகள் வேண்டும், அவற்றைப் பிடிக்க பிராக்கெட் வேண்டும், பிராக்கெட்டை எங்காவது வெல்டு வைக்க வேண்டும். அம்பாசடருக்கும் பத்மினிக்கும் லாரி மாதிரித் தனி சேசிஸ் (அடிச்சட்டம்) கிடையாது. பாடியேதான் பாரம் தாங்குகிறது. ஆக, வெல்டு விழுவது பாடியில். குளச்சல், முட்டம் பக்கம் கடல் காற்றில் நின்ற வண்டி என்றால் அடித்தகடு ஏற்கெனவே துரு தின்றிருக்கும், அதன் மேல் வெல்டு நிற்காது. இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

புரோக்கர்கள் சொல்லும் ஒரு வாக்கியத்தை மட்டும் நம்பவே வேண்டாம்: "முதல்ல போட்டுட்டு 14 நாளுக்குள்ள ஆர்டிஓ ஆபீஸ்ல சொன்னா போதும்." அனுமதியில்லாமல் மாற்றியவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று சட்டத்தில் இருப்பது உண்மைதான். தெரிவித்தாலே மாற்றம் செல்லுபடியாகிவிடும் என்று எங்கும் இல்லை. நீங்களே போய் ஒப்புக்கொண்டது மாதிரிதான் ஆகும்.

மார்த்தாண்டம் பக்கம் ஒருவர், வளைகுடாவில் சம்பாதித்த காசில் அப்பாவின் அம்பாசடருக்கு இந்த வேலையைச் செய்தார். ஆர்சி புதுப்பிக்கப் போனபோது பிரேக் இன்ஸ்பெக்டர் குனிந்து அடியில் பார்த்தார், ஃபைல் அங்கேயே நின்றது. பழைய ஸ்பிரிங்கைத் திரும்ப மாட்டலாம் என்றால் அதைப் பட்டறை இரும்புக்கடையில் போட்டுவிட்டது.

சரி, ஆர்டிஓ ஆபீஸில் முறையாக அனுமதி கேட்டால் என்ன நடக்கும்? பெரும்பாலும் அலைக்கழிப்புதான். கவுண்டரில் கேட்டால் இன்ஸ்பெக்டரைப் பாருங்கள் என்பார்கள். அவர் மனு கொடுங்கள் என்பார். மனுவை நீட்டினால், "இதெல்லாம் கிடைக்காது, எடுத்துட்டுப் போங்க." இந்த வாய்வார்த்தையோடு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். பிரிவு 52-இன் கீழ் வரும் உத்தரவை எதிர்த்து, அது கைக்குக் கிடைத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய பிரிவு 57 உரிமை தருகிறது. எழுத்தில் உத்தரவு இல்லையென்றால் எதை எதிர்த்து மேல்முறையீடு செய்வீர்கள்? அதனால் மனுவைத் தபால் பிரிவில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, மனுவின் நிலை என்ன என்று கேளுங்கள். 30 நாளில் சொல்லியாக வேண்டும். மனுவில் ஏர் சஸ்பென்ஷன் கிட்டின் பெயரையும் அதற்குள்ள சோதனைச் சான்றிதழையும் குறிப்பிடுங்கள். பட்டறை சான்றிதழ் காட்டாவிட்டால் மனு கொடுப்பதே வீண், வேலையையும் கொடுக்காதீர்கள். வண்டி மீது கடன் இருந்தால் கடன் கொடுத்தவரின் எழுத்துச் சம்மதமும் வேண்டும். இது கடைசி நேரத்தில்தான் பலருக்குத் தெரியவருகிறது.

50 வயதை நெருங்கும் வண்டிக்காரர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 2021 ஜூலையில் வந்த விண்டேஜ் (பழம்பெரும் வண்டி) பதிவு விதிப்படி, முதல் பதிவு நடந்த நாளிலிருந்து 50 ஆண்டு ஆகியிருக்க வேண்டும்; மாடல் வருடத்தை வைத்துக் கணக்குப் போட்டு ஏமாறாதீர்கள். வண்டி பழைய வடிவத்திலேயே இருக்க வேண்டும்; சேசிஸ், பாடி, இன்ஜின் எதிலும் பெரிய மாற்றம் கூடாது. பிராக்கெட் வெல்டு அந்த வாய்ப்பைக் கெடுத்துவிடும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டுக்குச் செல்லும், அப்புறம் 5,000. ஆனால் விண்டேஜ் பதிவு செய்த வண்டியில் தினமும் வடசேரி சந்தைக்குப் போக முடியாது, கல்யாணத்துக்கு வாடகைக்கும் விட முடியாது. கண்காட்சி, ஊர்வல ஓட்டம், பெட்ரோல், பராமரிப்பு, அவ்வளவுதான். தினமும் ஓட்டுகிறவருக்குச் சாதாரண ஆர்சி புதுப்பிப்பே போதும்.

களியக்காவிளை தாண்டிக் கேரளாவுக்குள் போனாலும் இதே மத்தியச் சட்டம்தான், அதே 5,000 அங்கேயும் காத்திருக்கும். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குச் சொல்லாமல் மாற்றியிருந்தால், விபத்துக்குப் பிறகு சர்வேயர் எழுதும் முதல் வரியே அதுவாக இருக்கலாம். சொந்தச் சேதத்துக்கான பணம் அங்கேயே நின்றுவிடலாம். பாலிசியில் எழுத்தில் ஏற்றாமல் ஏஜென்ட் "பரவாயில்லை" என்று சொல்வதை நம்ப வேண்டாம்.

வண்டி குலுங்குகிறது என்பதுதான் குறை என்றால், பழைய பட்டைகளுக்கு வளைவு ஏற்றி, புஷ், ஷாக்கிள், ஷாக் அப்சார்பர் புதிதாகப் போட்டுப் பாருங்கள். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பு அப்படியே இருக்கிறது, யாரிடமும் கையெழுத்து கேட்க வேண்டாம்.