களத்துப் பூனையின் மூன்று நிறங்கள்

திருவையாற்றுக்குப் பக்கத்தில், குறுவை அறுவடை முடிந்த எங்கள் களத்து வைக்கோற்போரின் நிழலில் ஒரு பூனை வந்து படுத்துக்கொள்ளும். அதன் இடது காது கருப்பு, காதடியிலிருந்து கழுத்து வரை செம்மஞ்சள், வயிறு வெள்ளை. கருப்பும் செம்மஞ்சளும் சந்திக்கும் இடத்தில் உரோமத்தை விரலால் விலக்கினால், இரு நிறமும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து நிற்பது தெரியும். இப்படி மூன்று நிறம் கொண்ட பூனை ஏறக்குறைய எப்போதும் பெட்டையாகவே இருக்கும்.

பெட்டையின் ஒவ்வொரு செல்லிலும் மரபணுக்களைச் சுமக்கும் எக்ஸ் குரோமோசோம்கள் இரண்டு உண்டு, கடுவனுக்கு ஒன்றுதான். கரு மிகச் சிறியதாக இருக்கும்போதே ஒவ்வொரு செல்லும் அவ்விரண்டில் ஒன்றைச் செயல்படாதபடி அடைத்துவிடுகிறது என்று 1961-இல் பிரிட்டிஷ் மரபியலாளர் மேரி லயன் கூறினார். செம்மஞ்சள் நிறத்தைத் தீர்மானிக்கும் மரபணு எக்ஸில் இருப்பதால், எந்த எக்ஸ் அடைபட்டதோ அதைப் பொறுத்து அந்தச் செல்லின் வழிவந்தவை கருப்பாகவோ செம்மஞ்சளாகவோ அமைகின்றன. வெள்ளை வேறொரு மரபணுவின் வேலை.

அடைப்பது ஒரு புரதம் அன்று, எக்ஸிஸ்ட் என்னும் ஆர்என்ஏ, அதாவது டிஎன்ஏவைப் படிக்கும்போது உருவாகும் நகல் இழை. மனிதரில் ஏறத்தாழ 17,000 எழுத்து (இழையின் வேதி அலகு) நீளமுள்ள இதிலிருந்து எந்தப் புரதமும் உருவாவதில்லை. புரதத்துக்கான செய்தியைச் சுமக்கும் ஆர்என்ஏ செல்லின் உட்கருவை விட்டு வெளியேறும். இதுவோ உள்ளேயே தங்கி, தன்னைப் பிறப்பித்த குரோமோசோமின் மேலேயே படர்கிறது. வாய்க்கால் மடையை அடைப்பவர் முதலில் பலகையைச் செருகி, பிறகு வைக்கோலும் களிமண்ணும் வைத்து இறுக்குவதைப் போல, எக்ஸிஸ்ட் முதலில் ஸ்பென் முதலிய புரதங்களை வரவழைத்து மரபணுக்கள் படிக்கப்படுவதை நிறுத்துகிறது. அடுத்து வரும் புரதங்களும் வேதிக் குறிகளும் அந்த அடைப்பை நிலைப்படுத்துகின்றன.

மற்ற எக்ஸ் எப்படித் திறந்தே இருக்கிறது? டிஎன்ஏவுக்கு இரண்டு இழைகள் இருப்பதால் ஒரே பகுதியை எதிர்த்திசையிலும் படிக்கலாம். அவ்வாறு பிறப்பது எதிரிழை ஆர்என்ஏ. சுண்டெலியில் எக்ஸிஸ்ட் மரபணுவின் மேல் எதிர்த்திசையில் படிக்கப்படும் ஓர் ஆர்என்ஏவுக்கு, எக்ஸிஸ்டின் ஆங்கிலப் பெயரையே (Xist) திருப்பி எழுதி, ட்சிக்ஸ் என்று 1999-இல் பெயரிட்டார்கள். அது ஓடிக்கொண்டிருக்கும் வரை எக்ஸிஸ்ட் தலையெடுப்பதில்லை. பெண் எலியின் ஓர் எக்ஸில் ட்சிக்ஸை முடக்கினால், அடைபடுவது எப்போதும் அந்த எக்ஸ்தான். எழுத்து மாறாத ஒரு மரபணுவை, அதன் மறுபக்கத்தைப் படிக்கும் செயலே அடக்கிவைக்கிறது என்பது இத்துறையில் என்னை மிகவும் ஈர்த்த செய்தி.

மனித மரபுத்தொகுதியில் புரதத்துக்கான பகுதி ஏறத்தாழ 2 விழுக்காட்டுக்கும் குறைவு. எஞ்சியதைக் குப்பை என்று ஒட்டுமொத்தமாக ஒதுக்கிய பழக்கம் அறிவியலுக்கு நன்மை செய்யவில்லை என்றே கருதுகிறேன். 1993-இல் ஒரு சிறு புழுவில் கண்டறியப்பட்ட 22 எழுத்து ஆர்என்ஏ, மரபணுக்களை அடக்கும் மைக்ரோ ஆர்என்ஏக்களின் பெருங்குடும்பத்தைக் காட்டியது. அதற்கு 2024-இல் நோபல் பரிசு கிடைத்தது. பூனையின் செம்மஞ்சளுக்குக் காரணமும், புரதத்துக்கான எழுத்துகளுக்கு வெளியே சுமார் 5,000 எழுத்துகள் விடுபட்டிருப்பதே என்று 2025-இல் வெளியான ஆய்வுகள் காட்டின.

2001-இல் டெக்சாஸில், மூன்று நிறப் பூனை ஒன்றின் செல்லிலிருந்து சிசி என்ற நகல் (குளோன்) குட்டி பிறந்தது. அதன் உடலில் செம்மஞ்சளே இல்லை. நகலுக்கு எடுத்த செல்லில் அடைபட்டிருந்த செம்மஞ்சள் எக்ஸ் குட்டியிலும் அடைபட்டபடியே இருந்துவிட்டது என்பதே அதற்குப் பொதுவாகத் தரப்படும் விளக்கம்.