ஆழ்துயில்: ஹைபர்னேஷனும் வட்டின் பூட்டும்

கணினியில் இருக்கும் ஸ்லீப், ஹைபர்னேட் இரண்டையும் பலர் ஒன்றாகவே நினைக்கிறார்கள். ஸ்லீப்பில் தற்காலிக நினைவகமான ரேமுக்கு மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். ஹைபர்னேட்டில் ரேமில் இருப்பதை வட்டில் எழுதிவைத்துவிட்டு, இயந்திரம் மின்சாரத்தையே விட்டுவிடும்.

ஹைபர்னேட் என்ற சொல் லத்தீன் வழி வந்தது. ஹிபெர்னாரே என்றால் குளிர்காலத்தைக் கழிப்பது. ரோமானியப் படைகள் குளிர்காலத்தில் தங்கிய பாசறைக்கும் ஹிபெர்னா என்றுதான் பெயர். குளிர்காலத்தைக் குறிக்கும் லத்தீன் ஹியெம்ஸும் வடமொழி ஹிமமும் ஒரே வேரில் பிறந்தவை. இமயம் என்ற பெயரில் இருக்கும் பனியும் அதுவே. பின்னர் விலங்கியலுக்குப் போன சொல், அங்கிருந்து கணினிக்கு வந்தது. 1996இல் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து வெளியிட்ட, கணினியின் மின்சார நிலைகளை வரையறுக்கும் ஏசிபிஐ தரத்தில் இந்த நிலையின் குறியீடு எஸ்4.

தமிழில் என்ன சொல்லலாம்? பாடநூல்கள் தரும் ‘குளிர்கால உறக்கம்’ விலங்குகளுக்குச் சரி, கணினிக்கு ஏது குளிர்காலம்? ‘உறக்கநிலை’ என்றால் ஸ்லீப்போடு குழம்பும். ‘அறிதுயில்’ அழகான சொல்தான். ஆனால் அது பாற்கடலில் திருமால் எல்லாம் அறிந்தபடியே கொள்ளும் துயில். எஸ்4இல் இருக்கும் இயந்திரம் எதையும் அறியாது. அதனால் ஸ்லீப்புக்குத் துயில், ஹைபர்னேஷனுக்கு ஆழ்துயில் என்று வைத்துக்கொள்வதே என் பரிந்துரை. ‘ஆழ்’ என்ற அடை அந்த வேறுபாட்டைச் சரியாகக் காட்டுகிறது.

இந்த வேறுபாடு முக்கியமாவது வட்டின் விஷயத்தில்தான். லினக்ஸ் இயங்குதளம் ஆழ்துயிலுக்குப் போகும் முறையைப் பாருங்கள். முதலில் எழுதப்படாமல் நிற்கும் தரவை வட்டுக்கு அனுப்பும். எழுதப்படாமல் நிற்கும் தரவை வட்டுக்கு அனுப்பும். சாதனங்களை நிறுத்தி, ரேமின் நகலை ரேமிலேயே எடுக்கும். அப்புறம் வட்டை மறுபடி இயக்கி, அந்த நகலை, ரேமுக்குத் துணையாக வட்டில் ஒதுக்கிய ஸ்வாப் பகுதியில் எழுதி மின்சாரத்தை நிறுத்தும். நகல் எடுத்த நொடியிலிருந்து கோப்பு முறைமையில் எதுவும் மாறக்கூடாது. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, எந்த இடம் காலி என்ற கணக்கெல்லாம் அந்த நகலுக்குள் உறைந்திருக்கிறது. எழுந்ததும் இயங்குதளத்தின் மையமான கெர்னல் அந்தக் கணக்கை அப்படியே நம்பி எழுதத் தொடங்கும். இடையில் வேறு யாராவது வட்டில் எழுதியிருந்தால், இருப்பதன் மேலேயே எழுதிக் கோப்பு முறைமையைச் சிதைத்துவிடும். விழிக்கும்போது புதிதாக ஏறும் கெர்னல், வழக்கமான கோப்பு முறைமைகளை இணைப்பதற்கு முன்பே பழைய நகலைத் தேடி எடுப்பதும் இதனால்தான்.

‘படிக்க மட்டும்தானே திறக்கிறேன்’ என்பதும் பாதுகாப்பில்லை. லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறைமை உள்ள வட்டை அப்படி இணைத்தாலும், மாற்றங்களைக் குறித்துவைக்கும் ஜர்னலில் முடியாமல் நிற்கும் பதிவுகளை அது வட்டில் எழுதி முடித்துவிடும். அதுவும் ஒரு மாற்றமே.

ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இருக்கிறது. அது இயங்கும்போது ஷட்டவுன் கொடுத்தால் பயனரின் செயலிகள் மூடப்படும், ஆனால் கெர்னல் ஆழ்துயிலுக்குப் போகும். அணைத்துவிட்டோம் என்று நாம் நினைக்க, ஆழ்துயிலின் நகலை வைத்திருக்கும் ஹைபர்ஃபில்.சிஸ் கோப்புக்குள் விண்டோஸ் தூங்கிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் லினக்ஸில் அதன் வட்டைத் திறந்தால், விண்டோஸ் வட்டுகளை லினக்ஸில் திறக்க உதவும் என்டிஎஃப்எஸ்-3ஜி இயக்கி எழுத அனுமதி மறுக்கும். கட்டாயப்படுத்தி இணைக்கும் வழிகள் இணையத்தில் கிடைக்கும், செய்யவே வேண்டாம். அந்த மறுப்பு உங்கள் கோப்புகளைக் காக்கத்தான்.

லினக்ஸுக்கு மாறும் முன் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ஷட்டவுன் கொடுங்கள், அல்லது ரீஸ்டார்ட் செய்யுங்கள். இரண்டிலும் விண்டோஸ் முழுமையாக மூடிவிடும். அடிக்கடி மாறுபவர் என்றால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையே அமைப்புகளில் நிறுத்திவிடுவது நல்லது.