அதிபரின் பேச்சைக் கேட்பவர்கள் அரசிதழையும் படியுங்கள்

அமெரிக்காவில், எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் துணைவருக்குரிய எச்-4 விசாவில் வேலை அனுமதி அட்டையுடன் பணிபுரிந்துவந்த ஒரு பெண்மணி, அட்டை காலாவதியாகச் சில வாரங்களே இருந்த நிலையில் புதுப்பிப்பு விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு, வழக்கம்போல் 540 நாள் நீட்டிப்பு தானாகக் கிடைத்துவிடும் என்று நிம்மதியாக இருந்தார். அவருடைய விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததோ 2025 அக்டோபர் 30-க்குப் பிறகு. அந்தத் தேதியிலிருந்துதான் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை அந்தத் தானியங்கி நீட்டிப்பை நிறுத்தியிருந்தது. அட்டை காலாவதியான மறுநாள் அவரால் வேலைக்குப் போக முடியவில்லை. "அதிபர் இதைப் பற்றி ஒன்றுமே பேசவில்லையே, சார்" என்றார். குடிவரவு வழக்கறிஞன் என்ற முறையில் இதே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டுச் சலித்துப்போனதால்தான் இதை எழுதுகிறேன்.

காங்கிரஸ் என்ற அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றும், அதிபர் ஆணையிடுவார், அலுவலகங்களில் இருப்போர் அதை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றுவார்கள், எனவே மேலே இருப்பவர்கள் பேசுவதைக் கவனித்தால் போதும் என்ற எண்ணம் நம்மவர்களிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. இதைவிட ஆபத்தான எண்ணத்தை என் தொழிலில் நான் கண்டதில்லை. எச்-4 துணைவர்கள் வேலை செய்யலாம் என்று காங்கிரஸ் எந்தச் சட்டத்திலும் வெளிப்படையாக எழுதி வைக்கவில்லை. தனக்குப் பொதுவாக அளிக்கப்பட்ட அதிகாரத்தைக் கொண்டு உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை 2015-இல் வகுத்த விதிதான் அந்த உரிமையைத் தந்தது. யாருக்கு உரிமை, எந்த நிபந்தனையில், எப்போது முதல் என்று தீர்மானிப்பது அரசியல் இல்லையென்றால் வேறு எதுதான் அரசியல்? 2017-இல் வந்த நிர்வாகம் அந்த விதியை நீக்கப்போவதாக அறிவித்தபோது எத்தனையோ குடும்பங்கள் தூக்கத்தைத் தொலைத்தன. வரைவு 2019-இல் வெள்ளை மாளிகையின் வரவுசெலவு அலுவலகத்தின் பரிசீலனைக்குப் போனது; அரசிதழில் வெளிவராமலேயே 2021 ஜனவரியில் திரும்பப் பெறப்பட்டது. வாயால் அறிவித்தது நடக்கவில்லை. யாரும் பேசாத தானியங்கி நீட்டிப்பு ரத்து மட்டும் ஓசையின்றி நடந்துவிட்டது.

அரசாங்க ஊழியர்கள் நடுநிலையானவர்கள் ஆயிற்றே என்று படித்தவர்களே வாதிடுகிறார்கள். பதவி கிடைக்காத ஏமாற்றத்தில் ஒருவன் 1881-இல் அதிபர் கார்ஃபீல்டைச் சுட்டதை அடுத்து, 1883-இல் பெண்டில்டன் சட்டம் வந்து, தகுதி அடிப்படையிலான பணி நியமனம் தொடங்கியது உண்மைதான். ஆனால் சுமார் இருபது லட்சம் நிரந்தர ஊழியர்களுக்கு மேலே, அதிபர் மாறும்போது கூடவே மாறும் ஏறத்தாழ 4,000 அரசியல் நியமனப் பதவிகள் இருக்கின்றன. கட்சிக்காகக் குமாஸ்தாவை நீக்க முடியாது என்பதுதான் பாதுகாப்பு. குமாஸ்தா எந்தச் சுற்றறிக்கையின்படி உங்கள் கோப்பைப் பார்க்கிறார் என்பதற்குப் பாதுகாப்பு கிடையாது. கொள்கை சார்ந்த பணிகளில் இருப்போரின் பணிப் பாதுகாப்பையே தளர்த்தும் ஆணை 2025 ஜனவரி 20 அன்று மீண்டும் பிறப்பிக்கப்பட்டது என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

ஒரு சுற்றறிக்கை என்ன செய்யும் என்பதை 2017 அக்டோபரில் கண்ணால் கண்டோம். அதுவரை அதே நிறுவனம், அதே வேலை என்றால், முன்பு கொடுத்த எச்-1பி ஒப்புதலை மதித்து நீட்டிப்புக் கொடுப்பது வழக்கம். அந்த மாதம், உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் கீழ் இயங்கும் குடிவரவுச் சேவைத் துறை தன் அதிகாரிகளுக்கு அனுப்பிய ஒரு குறிப்பு, ஒவ்வொரு நீட்டிப்பையும் புதிதாக வந்த மனுவைப்போல் ஆராயச் சொன்னது. ஆறு ஆண்டு அனுபவமுள்ள பொறியாளர்களிடமெல்லாம், இந்த வேலைக்குப் பட்டப்படிப்பு எதற்குத் தேவை என்று கேட்டு ஆர்.எஃப்.இ. என்ற கூடுதல் ஆதாரம் கோரும் கடிதம் வரத் தொடங்கியது. காங்கிரஸில் வாக்கெடுப்பும் இல்லை, பொதுமக்களிடம் கருத்துக் கேட்பும் இல்லை. 2021 ஏப்ரலில் பழைய வழக்கம் மற்றொரு அறிவிப்பால் திரும்பியது. 2024 டிசம்பரில்தான் அது முறையான விதியாக எழுதப்பட்டது. குறிப்பை ஒரே இரவில் மாற்றிவிடலாம், முறையான விதியை மாற்ற 1946-இன் நிர்வாக நடைமுறைச் சட்டப்படி பொதுவாக வரைவு, கருத்துக்கேட்பு, பதில் என்ற படிகள் உண்டு. அவசரக் காரணம் காட்டி அந்தப் படிகளைத் தாண்டவும் வழியிருக்கிறது. தானியங்கி நீட்டிப்பு அப்படித்தான் போயிற்று. விதி நடைமுறைக்கு வந்தது முதலில், கருத்துக் கேட்டது பிறகு.

2025 செப்டம்பர் 19, வெள்ளிக்கிழமை, எச்-1பி மனுவுக்கு ஒரு லட்சம் டாலர் என்ற பிரகடனம் வந்ததும், வெளிநாட்டுக்குப் போயிருந்தவர்கள் கிடைத்த விமானத்தில் திரும்பினார்கள். வர்த்தகச் செயலாளர் அது ஆண்டுதோறும் கட்டவேண்டிய தொகை என்றார். வெள்ளை மாளிகையோ ஒருமுறை மட்டுமே என்றது. மறுநாள் குடிவரவுச் சேவைத் துறை வெளியிட்ட குறிப்புதான், ஏற்கெனவே விசா வைத்திருப்போருக்கு இது பொருந்தாது, புதிய மனுக்களுக்கு மட்டுமே என்று எல்லையை வரையறுத்தது. ஒருநாள் பொறுத்திருந்தால் டிக்கெட் பணமாவது மிஞ்சியிருக்கும்.

இனியாவது இவற்றைச் செய்யுங்கள். அட்டை காலாவதியாவதற்கு 180 நாள் முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். அந்த முதல் நாளிலேயே அனுப்புங்கள், கடைசி மாதம்வரை வைத்திருந்துவிட்டு எனக்குத் தொலைபேசியில் அழுவதில் பயனில்லை. வாட்ஸ்அப்பில் வருவதை நம்புவதற்கு முன், ஃபெடரல் ரெஜிஸ்டர் என்ற அரசிதழில் அது வெளிவந்திருக்கிறதா, எந்தத் தேதியிலிருந்து நடைமுறை என்று பாருங்கள். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. வரைவு விதிமேல் கருத்துச் சொல்லக் குடியுரிமை தேவையில்லை. ஆயிரம் பேர் ஒரே வாசகத்தை ஒட்டி அனுப்புவதால் அதிகப் பலன் இல்லை. இந்த விதியால் உங்கள் வேலையில், உங்கள் குடும்பத்தில் என்ன நேரும் என்பதைக் காரணத்தோடு நீங்களே எழுதினால், முக்கியமான அத்தகைய வாதங்களுக்குத் துறை பதில் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அதுவே நீதிமன்றத்தில் வாதமாகும். அக்கருத்துகள் பொதுப்பார்வைக்கு வருவதால், தயவுசெய்து ரசீது எண்ணையும் பாஸ்போர்ட் எண்ணையும் அதில் போடாதீர்கள்.

கோப்பு மாதக்கணக்கில் நகராவிட்டால் உங்கள் தொகுதிக் காங்கிரஸ் உறுப்பினரின் அலுவலகத்தை அணுகுங்கள். வாக்குரிமை இல்லை என்று தயங்க வேண்டாம், அத்தொகுதியில் வசித்தால் பொதுவாக உதவுவார்கள். அவர்கள் முடிவை மாற்ற முடியாது, நிலையைக் கேட்டுச் சொல்ல முடியும். அதற்கும் நீங்கள் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம் வேண்டும். அதை முதல் மின்னஞ்சலுடனேயே இணைத்து அனுப்பிவிடுங்கள்.